ஆச்சியின் மஞ்சள் பை

குழு: ஆச்சி வீடு, பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

பெரியப்பா, காலை 7:31
செல்வி, பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நர்ஸ் நீ. இப்போது மறுபடியும் பயிற்சிக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொல்கிறாள். வேலையில் ஏதாவது சிக்கலா? மறைக்காமல் சொல்.

செல்வி, 7:34
சிக்கல் ஒன்றும் இல்லை பெரியப்பா. பதினோரு வருடமும் அடுத்தவர் எழுதிய மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இனி நானே பரிசோதித்து, இன்ன நோய் என்று கண்டு, மருந்தும் எழுத வேண்டும். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு. பெரியவர்களுக்கும் முதியவர்களுக்குமான பிரிவு. பதின்மூன்று வயதுப் பையனும் வருவான், தொண்ணூறு வயதுத் தாத்தாவும் வருவார்.

பெரியப்பா, 7:36
அப்படியென்றால் டாக்டரா?

செல்வி, 7:38
இல்லை. இங்கே டெக்சாஸில் ஒரு டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டால்தான் மருந்துச்சீட்டு எழுதலாம். பக்கத்து மாநிலம் நியூ மெக்சிகோவில் அந்த ஒப்பந்தமே தேவையில்லை.

கார்த்தி, 7:38
எல்லையைத் தாண்டியதும் அறிவு வந்துவிடும் போலிருக்கிறது 😄

வசந்தா சித்தி, 7:41
ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் விடுப்பில் போன நாட்களில் யார் பார்த்தார்களாம்? முப்பது வருடம் நாங்கள்தான் பார்த்தோம். எங்களுக்கு அந்தப் பெயரைத்தான் யாரும் வைக்கவில்லை.

செல்வி, 7:44
இங்கேயும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறது சித்தி. 1965இல் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொதுச் சுகாதார நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் வகுப்பை ஆரம்பித்தார்கள். ஃபோர்டு கிராமம் கிராமமாகச் சுற்றியவர், உங்களைப் போல.

அம்மா, 7:45
அங்கே ராத்திரி ஒன்பதேகால் ஆகிறது. சாப்பிட்டாயா?

செல்வி, 7:45
சாப்பிட்டேன் அம்மா.

கார்த்தி, 7:47
அக்கா, பயிற்சி எவ்வளவு நாள்?

செல்வி, 7:52
நாள் கணக்கில்லை, மணிக் கணக்கு. முன்பு 500 மணி நேரம் போதும் என்றிருந்தது. 2022இல் வந்த தேசியத் தரவிதி அதை 750 ஆக்கிவிட்டது. நோயாளியை நேரடியாகப் பார்த்த நேரம் மட்டும்தான் சேரும். அதைவிடப் பெரிய பாடு பிரிசெப்டர் கிடைப்பது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர். கல்லூரி கட்டணத்தை வாங்கிக்கொண்டு, ஆளை நீயே தேடிக்கொள் என்றுவிட்டது. 43 மின்னஞ்சல் அனுப்பினேன். ஆறு பதில் வந்தது. அதில் ஐந்து ‘முடியாது’.

அம்மா, 7:53
உனக்கு மாப்பிள்ளை தேடியபோதுகூட இத்தனை ஜாதகம் அனுப்பவில்லை.

வசந்தா சித்தி, 7:55
அந்த ஆறாவது ஆள் எப்படி?

செல்வி, 8:03
அந்த அம்மாள் அதிகம் பேச மாட்டார். முதல் வாரம் எண்பது தாண்டிய ஒருவர் வந்தார். பெயர் கேட்காதீர்கள், சொல்லக்கூடாது. இரத்த அழுத்தம் 158. எனக்கு ஒரே உற்சாகம். ‘இன்னொரு மாத்திரை சேர்க்கலாம்’ என்றேன். அவர் என் தாளைப் பார்க்கவே இல்லை. ‘நிற்கும்போது எவ்வளவு?’ என்றார். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை, எழுந்து நின்ற ஒரு நிமிடத்தில் ஒருமுறை, மூன்றாவது நிமிடத்தில் ஒருமுறை எடுத்தேன். நின்றதும் 28 இறங்கிவிட்டது. அந்த மாத்திரையை எழுதியிருந்தால் மனிதர் குளியலறையில் விழுந்திருப்பார். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களையே பார்த்துப் பழகியவள் சித்தி நான். நிற்கிறவரைப் பார்க்கத் தெரியவில்லை.

வசந்தா சித்தி, 8:04
👏

செல்வி, 8:08
இன்னொன்று. தாத்தாவிடம் கேள்வி கேட்டால் மகள் பதில் சொல்வாள். நாங்கள் தாத்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிடம் போனால் அவரே பேசுவார். அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, ஊசி போடுவது அதைவிடச் சுலபம். வரும்போது வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வோம். பாதி விஷயம் பையிலேயே தெரிந்துவிடும்.

அம்மா, 8:10
அத்தையிடமும் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. படம் எடுத்துப் போடுகிறேன்.

அம்மா, 8:16
📷 படம்

செல்வி, 8:24
அம்மா, அந்தப் பச்சை அட்டையும் வெள்ளை அட்டையும் ஒரே மருந்து. இரண்டுமே அம்லோடிபின் என்ற இரத்த அழுத்த மாத்திரை, கம்பெனி வைத்த பெயர்தான் வேறு. இரண்டையும் சாப்பிடுகிறாளா?

அம்மா, 8:26
ஒன்று டாக்டர் எழுதியது. இன்னொன்று வீட்டுக்கு வந்து கொடுக்கும் அரசு மாத்திரை. நாங்கள் அதை இவரிடமும் இதை அவர்களிடமும் காட்டவே இல்லை.

செல்வி, 8:31
சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு. வயதானவர்களுக்குச் சர்க்கரையை நெடுநேரம் தாழ்த்திவைத்துவிடும், மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை சளிக்கு உள்ளது. ஆச்சிக்குச் சளியா?

பெரியப்பா, 8:33
அது நான் வாங்கிக் கொடுத்தது. தூக்கம் வரவில்லை என்றாள். மருந்துக்கடையில் கேட்டேன். அதைப் போட்டால் நன்றாகத் தூங்குகிறாள்.

செல்வி, 8:40
தூக்கம் வரும் பெரியப்பா. கூடவே வாய் உலரும், சிறுநீர் அடைக்கும், புத்தி தடுமாறும், விழவும் வைக்கும். 65 வயதுக்கு மேல் யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கு பியர்ஸ் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. மார்க் பியர்ஸ் என்ற முதியோர் மருத்துவர் 1991இல் தொடங்கியது, 2023இல்கூடப் புதுப்பித்தார்கள். சளிக்குக் கொடுக்கும் இந்தப் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் அதில் இருக்கின்றன. தேர்வுக்கு அந்தப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

பெரியப்பா, 8:41
இந்தச் செய்தி அழிக்கப்பட்டது

செல்வி, 8:44
எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நான் இன்னும் மாணவி, அங்கே எனக்கு உரிமமும் இல்லை. பையோடு டாக்டரிடம் போங்கள். சித்தி, உங்களிடம் அழுத்தமானி இருக்கிறதா?

வசந்தா சித்தி, 8:45
இதோ கிளம்பிவிட்டேன்.

செல்வி, 8:46
நிற்கவைக்கும்போது இன்னொருவரும் பக்கத்தில் இருக்கட்டும். கிறுகிறுத்தால் உடனே உட்காரவைத்துவிடுங்கள்.

வசந்தா சித்தி, 9:37
படுத்து 146/82. நின்று ஒரு நிமிடம் 120/74. மூன்று நிமிடம் 122/76.

செல்வி, 9:38
நின்றதும் மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். எழுந்ததும் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். அம்மாவைப் பதில் சொல்ல விடாதீர்கள்.

வசந்தா சித்தி, 9:46
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது சரிதான், பெரிய பாடு. கடைசியில் அத்தையே சொன்னார்கள். பொங்கலுக்குப் பிறகு எழுந்தாலே கிறுகிறுவென்று வருகிறதாம். சொன்னால் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகவிடமாட்டீர்கள் என்றுதான் சொல்லவில்லையாம்.

செல்வி, 9:49
டாக்டரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அழுத்தம் எவ்வளவு என்பது அப்புறம். கோயிலுக்குப் போக வேண்டும், விழக்கூடாது, அதற்கேற்ப மருந்தைப் பாருங்கள் என்று கேளுங்கள்.

பெரியப்பா, 9:58
நாளை காலை பத்து மணிக்கு டோக்கன் சொல்லிவிட்டேன். நானே கூட்டிப்போகிறேன். அந்தச் சளி மாத்திரையைப் பற்றியும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அம்மா, 10:02
அத்தான், பையின் அடியில் வெற்றிலைப் பெட்டியும் இருக்கிறது. எடுத்துவைத்துவிடட்டுமா?

செல்வி, 10:02
வேண்டாம் அம்மா, எல்லாம் அப்படியே போகட்டும். ஆச்சி புகையிலை போடுகிறாளா?

அம்மா, 10:05
அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் பேசுகிறேன்.