கடை பில்லிங்குக்கு டெஸ்க்டாப்பா, பிரவுசரா? (மறுபடியும்)

பழையகோடு:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார்: ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் டேட்டாபேஸ் செயலியானாலும் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அந்தக் கம்ப்யூட்டரையே சர்வராக்கி, வெப் பக்கமாகத்தான் செய்ய வேண்டுமாம், இன்னும் விண்டோஸ் ஃபார்ம் போடுகிறவர்களுக்குப் புதிதாகக் கற்கப் பயமாம். நான் 2001-லிருந்து விபி6-இல் (விஷுவல் பேசிக் 6) மளிகை, மருந்து, நெல் மண்டி என்று பில்லிங் எழுதிக் கொடுப்பவன். ஒரே கேள்வி. எஃப்10 தட்டினால் பில் அச்சாகி வர வேண்டும், நடுவில் பிரிண்ட் பெட்டி எதுவும் குதிக்கக் கூடாது. உங்கள் பிரவுசரில் முடியுமா?

போர்ட்8080:
அந்தத் தம்பி நான்தான். முடியும். குரோம் ஷார்ட்கட்டில் கியோஸ்க்-பிரிண்டிங் என்று ஒரு சொல் சேர்த்தால் பெட்டி வராது. உங்களுக்குத் தெரியாமல் போனதற்கு வெப் என்ன செய்யும் சார்? மூன்று கவுன்டர் இருந்தால் ஒன்றில் சர்வரை வைத்துவிட்டு மற்றதில் முகவரியைத் தட்டினால் வேலை முடிந்தது. நீங்கள் ஒவ்வொன்றிலும் விபி6-இன் துணைக் கோப்பான ஓசிஎக்ஸைப் பதிவு செய்துகொண்டிருங்கள்.

பழையகோடு:
ஷார்ட்கட்! குரோம் ஏற்கெனவே திறந்திருந்தால் அந்தச் சொல்லை அது கண்டுகொள்ளவே கொள்ளாது, ஓடுகிற குரோமிலேயே இன்னொரு ஜன்னல் திறக்கும், பெட்டி வரும். ஒரு மருந்துக் கடையில் கண்ணால் பார்த்தேன். பிரிண்டர் இருக்கவேண்டிய இடத்தில் பிடிஎஃப் தேர்வாகியிருந்தது. பையன் பாவம், என்டரை என்டரைத் தட்டினான். ராத்திரி டவுன்லோட்ஸைத் திறந்தால் 47 பில் கிடக்கிறது. நான் பிரிண்டர் துளையான எல்பிடி1-க்கு நேரே அனுப்புகிறவன். டாட் மேட்ரிக்ஸ் சர்ரென்று இழுக்கும்.

போர்ட்8080:
இப்போது வாங்கும் கம்ப்யூட்டரில் எல்பிடி துளை எங்கே இருக்கிறது, காட்டுங்கள். விபி6-க்கு மைக்ரோசாஃப்ட் 2008-லேயே ஆதரவை நிறுத்தியாயிற்று.

பழையகோடு:
நிறுத்தியது எழுதும் கருவிக்கு. எழுதியதை ஓட்டும் ரன்டைம் விண்டோஸ் 11-இலும் ஓடுகிறது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரை நம்பி ஆக்டிவ்எக்ஸில் எழுதிய வெப் மேதைகள், 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரவுசரையே நிறுத்தியபோது என்ன ஆனார்கள்? சரி, பெட்டி வருமா, வராதா?

சீக்குவல்சித்தர்:
ஐயா, முதலில் லோக்கல் வெப் என்றால் என்ன என்று பேசிக்கொள்ளலாமா? அதே கம்ப்யூட்டரா, கடைக்குள் பல கம்ப்யூட்டரை இணைக்கும் லேனா? பிரவுசரை உள்ளே வைத்து டெஸ்க்டாப் செயலியாக்கும் எலக்ட்ரானில் செய்தால் அது எந்தக் கணக்கு? என்னைக் கேட்டால் முகப்பே பிரச்சினை இல்லை. ஆக்சஸ் டேட்டாபேஸின் எம்டிபி கோப்பை ஷேர் ஃபோல்டரில் போட்டு நாலு பேர் திறப்பதுதான் வினை. 2 ஜிபி தாண்டினால் ஆக்சஸ் கையை விரித்துவிடும். ஒரே கோப்பாக இருக்கும் எஸ்கியூலைட் டேட்டாபேஸையும் நெட்வொர்க் ஃபோல்டரில் வைக்காதீர்கள்.

பழையகோடு:
சித்தரே, பெட்டி வருமா வராதா?

மண்டிக்கணக்கு:
நான் புரோகிராமர் இல்லை, தினமும் பில் போடுகிறவள். என்டர் தட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். இங்கே வெப்பில் என்டர் தட்டினால் பாதி பில்லோடு சேவ் ஆகிறது. போன வாரம் கைதவறி கன்ட்ரோல் டபிள்யூ பட்டு டேபே மூடிக்கொண்டது. 38 ஐட்டம் போச்சு. மூட்டைக்காரர் முன்னால் நின்று மறுபடி அடித்தேன்.

போர்ட்8080:
என்டரை ஜாவாஸ்கிரிப்டில் பத்து வரியில் மாற்றலாம் அக்கா. எழுதியவர் சோம்பேறி.

பழையகோடு:
கன்ட்ரோல் டபிள்யூவை மாற்ற முடியுமா? அதை மட்டும் விழுங்கிவிட்டீர்களே.

போர்ட்8080:
அடிக்க அடிக்க வரைவாகச் சேமித்தால் எதுவும் போகாது. அதை விடுங்கள், உங்கள் விபி6 டெக்ஸ்ட்பாக்ஸில் யூனிகோடு தமிழ் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதானே? துவரம்பருப்பை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் காட்டும் பாமினி ஃபான்டில் அடித்துவிட்டுப் போய்விட்டீர்கள். டேட்டாபேஸைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடவும் முடியாது, அகர வரிசையும் வராது. அதற்குக் கன்வெர்ட்டர் எழுதியே என் ஒரு மாதம் போனது.

பழையகோடு:
பாமினியை ஏன் இழுக்கிறீர்கள்? கடைகளில் அப்போது விண்டோஸ் 98. விண்டோஸ் 2000-இல்தான் தமிழே வந்தது. நான் ஆசைப்பட்டா பாமினி போட்டேன்? இவருக்கு உண்மையான கோபம் வேறு. ஜவுளிக்கடைக்காரர் இவர் செய்ததைக் கழற்றிவிட்டு என்னைத் திரும்பக் கூப்பிட்டார். வெப் சர்வர் வழக்கமாகப் பயன்படுத்தும் போர்ட் 80-ஐ வேறு ஏதோ புரோகிராம் பிடித்துக்கொண்டு சர்வர் எழவே இல்லை.

போர்ட்8080:
அதற்குப் பிறகுதான் 8080 வைக்கிறேன், பெயரைப் பார்த்தாலே தெரியவில்லையா? அந்தக் கடைக்காரர் உங்களைக் கூப்பிட்டது பழைய பாஸ்வேர்டு கேட்க.

பழையகோடு:
பாஸ்வேர்டா? என்னிடம் வந்த வவுச்சரைப் படம் எடுத்துப் போடவா?

சீக்குவல்சித்தர்:
எலக்ட்ரானில் பெட்டி இல்லாமலே அச்சிடலாம், சைலன்ட் என்று ஒரு ஆப்ஷன் உண்டு. யாருக்காவது வேண்டுமா?

பழையகோடு:
எலக்ட்ரான் பிரவுசரா? பிரவுசர் என்றால் நான் சொன்னதுதான். பிரவுசர் இல்லை என்றால் அது டெஸ்க்டாப், அப்போதும் நான் சொன்னதுதான்.

மண்டிக்கணக்கு:
38 ஐட்டத்துக்கு யாராவது பதில் சொல்கிறீர்களா?

போர்ட்8080:
வவுச்சரைப் போடுங்கள் சார், பார்க்கலாம்.