கொரியர்கள் சோற்றைக் குறைத்தது நல்லதா, கெட்டதா?

வயலூரான்:
தென்கொரியாவில் 1970இல் ஆளுக்கு வருடம் 136 கிலோ அரிசி தின்றார்கள். 2023இல் 56 கிலோதான். மாடு, பன்றி, கோழி மூன்றும் சேர்ந்து 2022இலேயே அரிசியை முந்திவிட்டன. ஒரே தலைமுறையில் பணக்கார நாடானதற்குக் கூலி என்ன தெரியுமா? 2020 கணக்கில் ஆண்களில் 48 சதவீதம் பேருக்கு உடல் பருமன். பாட்டன் சாப்பாட்டை விடாமல் இருந்தால் இது வந்திருக்குமா?

சுவோன் சேகர்:
அண்ணே, பாட்டன் என்ன சாப்பிட்டார் என்று விசாரித்தீர்களா? கொரியாவில் சுவோன் நகரத்தில் எனக்கு வீடு வாடகைக்கு விட்ட பாட்டிக்கு எண்பதை நெருங்கும். அறுவடை நெல் தீர்ந்து பார்லி விளையும்வரை உள்ள வசந்த காலத்துக்கு 'பார்லி மேடு' என்றே அங்கே பெயர். அந்த மேட்டைத் தாண்டுவதற்குள் பைன் மரப்பட்டையைக்கூட அவித்துத் தின்றிருக்கிறார்கள்.

60, 70களிலும் அரிசி போதாமல், பார்லி கலந்துதான் சாப்பிட வேண்டும் என்றது அரசு. பள்ளியில் வாத்தியார் டிபன் டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாராம். வெள்ளைச் சோறு என்றால் திட்டு. பாட்டி என்ன செய்தார் தெரியுமா? மகனுக்கு அடியில் வெள்ளைச் சோற்றை அமுக்கி, மேலே ஒரு பிடி பார்லியைப் பரப்பி அனுப்பினார்!

1896இல் பிறந்த கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். வெறும் பார்லியும் மரப்பட்டையும் தின்று வந்த உயரமா அது?

அப்புறம் அந்த 48. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. கொரியாவில் 25 ஆனாலே பருமன்தான். மேலைநாடுகளில் 30. அதுவும் 2020 கொரோனா வருடம். முந்தைய வருடம் 42 சதவீதம்தான்.

வயலூரான்:
25 என்பது ஆசிய உடம்புக்கென்று போட்ட கோடு, தம்பி. நமக்கும் அதேதான். லேசான தொப்பைக்கே சர்க்கரை வந்துவிடுகிறது. சரி, பெருங்குடல் புற்றுநோய் அங்கே ஏறியதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மலர்விழி:
ஏறியது உண்மைதான், அண்ணா. இரைப்பைப் புற்றுநோய்ச் சாவு இறங்கியதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்? குளிர்காலம் முழுக்க உப்பில் ஊறிய காய்கறிதான் பழைய சாப்பாடு. ஃபிரிட்ஜ் வந்த பிறகு அவ்வளவு உப்பு போட்டுப் பதப்படுத்தத் தேவையில்லை. நாற்பது வயதைத் தாண்டினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை. அதற்கு அரசுத் திட்டமே இருக்கிறது. ஏழை நாடாகவே இருந்திருந்தால் இதற்கெல்லாம் காசு ஏது?

ஆனால் சேகர், உங்கள் பக்கத்திலும் ஓர் ஓட்டை. பெண்களில் பருமன் பல வருடமாக நாலில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. ஏறியது ஆண்களுக்குத்தான். ஒரே வீட்டுச் சமையல்தானே?

சுவோன் சேகர்:
ஆண்களுக்கு ராத்திரிச் சாப்பாடு பாதி நாள் வீட்டில் கிடையாது, அக்கா. ஆபீஸ் முடிந்ததும் மேலதிகாரியோடு முதல் சுற்று: சுட்ட பன்றிக்கறி, சோஜூ என்கிற கொரியச் சாராயம். இரண்டாம் சுற்று: பொரித்த கோழி, பீர். எழுந்து போகவும் முடியாது. நானே ஏழு கிலோ ஏறித்தான் ஊர் திரும்பினேன்.

மலர்விழி:
பெண்களை ஒல்லியாகவே இருக்கச் சொல்லிப் படுத்துகிற பாடும் அங்கே உண்டு. அந்தக் கால் பங்கை ஆரோக்கியம் என்று நான் சொல்லமாட்டேன்.

வயலூரான்:
மேலதிகாரியோடு உட்கார வைத்ததும் அந்த வளர்ச்சிதானே, தம்பி? மரப்பட்டைக் கணக்கை ஏற்கிறேன், இதை ஏற்கமாட்டேன். அது சரி, அந்தப் பாட்டி இப்போது என்ன சாப்பிடுகிறார்?

சுவோன் சேகர்:
மூன்று வேளையும் வெள்ளைச் சோறு. சர்க்கரைக்குப் பயந்து பார்லி கலந்து சாப்பிடுகிறவர் மகன்.