தைப்பொங்கலை டிசம்பருக்கு மாத்தோணுமோ?

வெள்ளவத்தைவாசி:
நேத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில மாமா ஒராள் "தை 1 சூரியன் வடக்க திரும்புற நாள்" எண்டு போட்டிருந்தார். பிழை. திரும்புறது டிசம்பர் 21 இல்லாட்டி 22. மூண்டு கிழமை கழிச்சுப் பொங்கிப்போட்டு இண்டைக்குத்தான் உத்தராயணம் எண்டா என்ன கதை? அயர்லாந்தில நியூகிரேஞ்ச் எண்டு 5000 வருசப் பழைய சமாதி ஒண்டு கிடக்கு, அந்தக் கிழமையில விடிய வெயில் வாசலுக்கு மேல இருக்கிற சின்ன ஓட்டையால பூந்து உள்ளறை மட்டும் போய் ஒரு 17 நிமிசம் நிக்கும். அவங்கள் சரியாப் பிடிச்சிருக்கிறாங்கள், நாங்கள் ஏன் விட்டனாங்கள்?

மார்கழிப்பனி:
அண்ணை, அயர்லாந்தில அண்டைக்குப் பகலே ஏழரை மணித்தியாலம்தான், அவங்களுக்கு வெயில் உயிர். கொழும்பில 11 மணித்தியாலம் 44 நிமிசம், ஜூன்ல பாத்தாலும் முக்கால் மணித்தியாலம்தான் கூட. இங்க ஆர் அதைக் கவனிக்கிறது? பொங்கல் வெயிலுக்கு மட்டுமில்லை, புது நெல்லுக்கும்தான். டிசம்பர் 22 வன்னியில போய்ப் பாருங்கோ, வயல் பச்சையா நிக்கும். எதைப் போட்டுப் பொங்குவியள், கடைப் பச்சையரிசியையோ?

வெள்ளவத்தைவாசி:
இப்ப மட்டும் என்னவாம், நீங்கள் வயல்ல அறுத்தே பொங்குறியள்? எல்லாரும் காலி வீதிக் கடையிலதானே வாங்குறம் 😂

கணக்குவாத்தி:
ரெண்டுபேரும் கொஞ்சம் பொறுங்கோ. ஆரும் பிழை விடேல்லை. எங்கட வருசம் நட்சத்திரத்தை வைச்சுக் கணக்குப் பாக்கிறது, இங்கிலீஷ் கலண்டர் பருவத்தை வைச்சு. பூமியின்ர அச்சு மெதுவா பம்பரம் மாதிரிச் சுத்துறதால ரெண்டுக்கும் வருசத்துக்கு 20 நிமிசம் வித்தியாசம் வருது, 72 வருசத்தில ஒரு நாள். பின்னால எண்ணிப் போனா ஒரு 1700 வருசத்துக்கு முதல் தை 1உம் சூரியன் திரும்புற நாளும் ஒரே நாள்தான். அப்ப மாமா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரி.

வெள்ளவத்தைவாசி:
அதைத்தானே வாத்தி நானும் சொல்லுறன், சரி பண்ணோணும் எண்டு! பீஷ்மர் அம்புப் படுக்கையில உத்தராயணம் வரட்டும் எண்டு கிடந்தவர், இப்ப கிடந்திருந்தா பஞ்சாங்கத்தால இன்னும் மூண்டு கிழமை கூடக் கிடக்கோணும், பாவம் மனிசன்.

மார்கழிப்பனி:
வாக்கிய பஞ்சாங்கமோ திருக்கணித பஞ்சாங்கமோ சரி எண்டே எங்கட வீட்டில அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு வருசமும் பிரச்சினை, நீங்கள் மூண்டாவதையும் கொண்டு வாங்கோ. மார்கழியையும் யோசியுங்கோ. அது தேவர்களுக்கு விடியப்புறம், தை பிறந்தாத்தான் பகல் எண்டுதான் திருவெம்பாவைக்கு இருட்டோட எழும்புறம். பொங்கலை முன்னால இழுத்தா மார்கழி முக்கால்வாசி எங்க போகும்?

மொட்டைமாடி:
சண்டைக்கு நான் வரேல்லை. ஆனா நான் வருசா வருசம் பிளட் மொட்டைமாடியில மூண்டடித் தும்புத்தடி ஒண்டை நேரா நிப்பாட்டி நிழல் அளக்கிறனான். 21ஆம் திகதி மத்தியானம் 12 மணி 8 நிமிசம் போல வடக்கு நோக்கி 21 அங்குலம் விழும். காலிமுகத்திடல்ல நிண்டாலும் விளங்கும், டிசம்பர்ல சூரியன் இடப்பக்கமா தள்ளிக் கடல்ல விழும், ஜூன்ல வலப்பக்கமா, போர்ட் சிட்டிப் பக்கம்.

மார்கழிப்பனி:
டிசம்பர்ல கொழும்பு மழைக்கு என்ன செய்வியள்?

மொட்டைமாடி:
போன முறை 21 முழுக்க மழை. 24ஆம் திகதிதான் வெயில் வந்தது. அளந்தன், அதே 21 அங்குலம். அந்த நாலஞ்சு நாளும் அசையாது.

வெள்ளவத்தைவாசி:
அப்ப 24ஆம் திகதி பொங்குவமோ?