மறு: ‘கல்லி இரோஷன்’ – ஓடை அரிப்பா, அரிபள்ளமா?

வணக்கம். மழைநீர் மண்ணை அறுத்துப் பள்ளமாக்கும் ‘கல்லி இரோஷன்’ (gully erosion) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, ‘அரிபள்ளம்’ என்று நான் சொன்னதையொட்டி வந்த ஐயங்களுக்கு இது பதில்.

> ‘ஓடை அரிப்பு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறது ஐயா. ஆனால் அதைக் கேட்டதும் ஏதோ ஓடையின் கரை அரிபடுகிறது என்றுதான் தோன்றும். நாம் பேசுவது ஓடையே இல்லாத இடத்தைப் பற்றி. சரிவில் பரவி வழிந்த மழைநீர் ஒரு தடத்தில் திரண்டு, மண்ணை அறுத்துப் புதிதாகப் பள்ளம் உண்டாக்குகிறது. கரையரிப்பு வேறு, இது வேறு. ஆற்று நீர்ப்பிடிப்புப் பகுதியின் வண்டல் கணக்கில் இரண்டும் தனித்தனி வரிகளில் வரும்.

பள்ளம் எப்படி உண்டாகிறது என்று பார்த்தால் சொல்லும் தானாக வரும். ஓரிடத்தில் வெட்டு விழுமா என்பதை அங்குள்ள சரிவும், அதற்கு மேலிருந்து நீர் வடியும் பரப்பும் சேர்ந்து முடிவு செய்கின்றன. சரிவு அதிகமென்றால் சிறிய வடிபரப்பே போதும். மட்டமான நிலமென்றால் பெரிய பரப்பு வேண்டும். காட்டையோ புல்லையோ அழித்தால் இந்த வரம்பே இறங்கிவிடும். முன்பு தாங்கிய அதே மழையை நிலம் இப்போது தாங்காது. சாலைகளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பல திசையில் பிரிந்து போக வேண்டிய நீரைச் சாலையோர வடிகால் திரட்டி, சிறுபாலத்தின் வாயில் மொத்தமாகக் கொட்டுகிறது. மாட்டுத்தடங்களும் தம் பங்குக்கு அதையே செய்கின்றன. கீழே மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்தாலோ, கிளையோடைகளும் ஆழமாகி வெட்டு மேல்நோக்கி ஏறத் தொடங்கும்.

மண்ணின் குணமும் உண்டு. சோடியம் மிகுந்த களிமண் நீர் பட்டால் கலைந்துவிடும். அங்கே முதலில் நிலத்துக்குள் குழல் போல வழி விழும். அதன் கூரை இடிந்த பிறகுதான் பள்ளம் கண்ணுக்குத் தெரியும்.

எனக்கு முக்கியமாகப் படுவது பள்ளத்தின் தலைப்பக்கம். அது பெரும்பாலும் செங்குத்துச் சுவராக நிற்கும். மேலிருந்து விழும் நீர் அடியைக் குடைய, மேல்மண் சரிய, சுவர் மேட்டை நோக்கி நகர்ந்துகொண்டே போகும். நீர் இறங்குகிறது, பள்ளம் ஏறுகிறது. அதனால்தான் ‘அரிபள்ளம்’ என்கிறேன். வினைத்தொகை: அரித்த, அரிக்கின்ற, அரிக்கும் பள்ளம். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. நிகழ்வைச் சொல்ல ‘அரிபள்ள அரிப்பு’ வேண்டாம், அரிப்பு இருமுறை வருகிறது. ‘பள்ள அரிப்பு’ என்றே இருக்கட்டும். (‘அறுகால்’ என்று யோசித்தவருக்கு: சுவையான சொல்தான், ஆனால் அது ஆறுகால் வண்டுக்கும் பெயர், வண்டு வந்து உட்கார்ந்துவிடும்.)

> ‘ரில்’லுக்கும் இதற்கும் எல்லை எங்கே?

ரில் (rill) என்பது மழைநீர் மண்ணில் கீறும் சிறு தடம். அதை ‘அரிகீற்று’ எனலாம். உழுதால் மறைவது கீற்று, மறையாதது பள்ளம் என்பது வழக்கமான விதி. அரிபள்ளத்தின் ஆழம் அரை மீட்டரில் தொடங்கி 25–30 மீட்டர் வரை போகலாம் என்பார்கள். ஆனால் உழவில் மூடப்பட்டு, அடுத்த மழையில் அதே தடத்தில் திரும்ப வரும் வகையும் இருக்கிறதே? அங்கே உழவு விதி உதவாது. அதற்காகத்தான் குறுக்குவெட்டுப் பரப்பு ஒரு சதுர அடி, அதாவது 929 சதுர செ.மீ., என்ற எல்லையை ஆய்வாளர்கள் வைத்துக்கொண்டார்கள். இந்த வகைக்குப் ‘பருவ அரிபள்ளம்’ சரியாக இருக்கும்.

மத்திய இந்தியாவின் சம்பல் ஆற்றோரம் கிடப்பது தனிப் பள்ளமல்ல, பள்ளங்கள் பின்னிக் கிடக்கும் நிலம். முட்காடு, கற்காடு போல அதைப் ‘பள்ளக்காடு’ எனலாமா? மடகாஸ்கரின் அரிபள்ள வகையான ‘லவாகா’வை மட்டும் அப்படியே விட்டுவிடலாம். தலை அகன்று வாய் குறுகிய அந்த வடிவத்துக்கு உலகெங்கும் அதே பெயர்தான்.

பள்ளத்தின் தலைப்பக்கச் சுவரைக் குறிக்கும் ‘ஹெட்கட்’டுக்குத் (headcut) ‘தலைவெட்டு’ என்று வந்த முன்மொழிவை ஏற்க மாட்டேன். கொலைக்குற்றம் மாதிரி ஒலிக்கிறது. ‘பள்ளத்தலை’ போதும். நிலத்துக்குள் விழும் வழிக்குக் ‘குழலரிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். மண்ணியல் படித்தவர்கள் சரிபார்த்துச் சொன்னால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.