‘சத்தி 75’ என்று எழுதிய கேசட்டில் வாசிப்பது யார்?

தறிச்சத்தம்:
ஏனுங்க, பழைய கேசட் விஷயம் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் சொல்லுங்கள். எங்களுக்குச் சோமனூர். மாமா பத்துத் தறி வைத்து ஓட்டினார், போன வருசம் தவறிவிட்டார். சுண்ணாம்பு அடிக்கக் குடோனை ஒழித்தபோது அட்டாலியில், நூல் கோன் வந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரே ஒரு கேசட் கிடந்தது. டிடிகே கம்பெனி, 60 நிமிடம். மேலே மாமா கையெழுத்தில் ‘சத்தி 75 லைவ்’. வேறு ஒன்றும் இல்லை.

சத்தி என்றால் எங்களுக்குச் சத்தியமங்கலம்தான். அங்கே பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) மாமா வருசம் தவறாமல் போவார். 1975இல் அங்கே நடந்த கச்சேரியை யாரோ பதிந்திருக்கிறார்கள் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். போட்டுக் கேட்டால் பாட்டே இல்லை. கிட்டார், வயலின், தபலா, அப்புறம் குடம் மாதிரி ஒன்று. கிட்டாரும் வயலினும் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு ஓடுகின்றன. கைத்தட்டல் பலமாக இருக்கிறது, ஆனால் கூட்டத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பண்ணாரியில் குழந்தை அழாத கூட்டம் உண்டா?

அத்தையைக் கேட்டேன். “கரண்ட் போனா பேட்டரி டேப்புல அதையேதான் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு. தறி நின்னாத்தானே, கண்ணு, காது கேக்கும்” என்றார். அவருக்கும் அதற்கு மேல் தெரியவில்லை.

இன்னொன்று. முதல் பக்கத்தின் கடைசியில் கைத்தட்டல் முடிந்து, கொஞ்ச நேரம் சும்மா ஓடி, பிறகு குடம் மட்டும் தனியாக வருகிறது. தாளம் அங்கங்கே நொண்டுகிறது. அதுவும் அதே ஆள்தானா? டேப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது, மறுபடி ஓட்டலாமா?

பூமார்க்கெட்வாசி:
சத்தி இல்லைங்க, சக்தி. உங்கள் மாமா வாயில் வருகிறபடியே எழுதிவிட்டார்.

அந்தக் குழுவின் பெயரே சக்தி, முதல் ஆல்பத்தின் பெயரும் அதுதான். 1975 ஜூலை 5ஆம் தேதி, நியூயார்க்கைச் சேர்ந்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் வாசித்தது. ரெக்கார்டு வந்தது 1976இல். கிட்டார் ஜான் மெக்லாஃப்லின். வயலின் எல். சங்கர், நம் இசையமைப்பாளர் எல். வைத்தியநாதனின் தம்பி. தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். மெக்லாஃப்லின் அதற்கு முன்னால் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று காது கிழிய மின்சாரக் கிட்டார் வாசித்து உச்சத்தில் இருந்தவர். அதை விட்டுவிட்டு மரக் கிட்டாரோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மூன்று ஆல்பம் போட்டார்கள், 70களிலேயே கடை கட்டிவிட்டார்கள்.

ஹாஸ்டலில் எனக்குக் கிடைத்தது நகலின் நகலின் நகல். ஒவ்வொரு கை மாறும்போதும் இரைச்சல் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. நாங்கள் நாலு பேர் அதை மழைச் சத்தம் என்று நினைத்துக்கொண்டே கேட்டோம். பின்னாளில் சிடியில் சுத்தமாகக் கேட்டபோது மழை நின்றுபோன மாதிரி எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. இதை யாரிடமும் சொன்னால் சிரிப்பார்கள். 2024 பிப்ரவரியில், புது ஆட்களோடு மறுபடி கூடிய சக்திக்குக் கிராமி விருது கிடைத்தபோது நாலு பேரும் போனில் கத்தினோம். அதே டிசம்பரில் ஜாகிர் போனார். அன்றைக்கும் போன் செய்தோம், யாரும் அதிகம் பேசவில்லை.

சரி, உங்கள் குடத்துக்கு வருகிறேன். முதல் பக்கம் ‘ஜாய்’ 18 நிமிடம், ‘லோட்டஸ் ஃபீட்’ ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுபக்கம் ஒரே உருப்படி, 29 நிமிடத்தை ஒட்டி வரும். அதன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆக 30 நிமிடப் பக்கத்தில் ஆல்பம் 23இல் முடிகிறது. மிச்சம் ஏழு நிமிடத்தில் என்ன இருந்தாலும் அது விநாயக்ராம் இல்லை.

பழையடேப்:
வெள்ளையாகப் பூத்திருப்பது பூஞ்சை. தயவுசெய்து இனி ஓட்டாதீர்கள், பிளேயரின் ஹெட்டில் (டேப் உரசி ஓடும் முனையில்) ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். (ஒலிநாடா என்று எழுதினால் சோமனூர்க்காரர் தறி நாடாவைத் தேடுவார், அதனால் டேப் என்றே சொல்கிறேன்.) மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து, உலர்ந்த மெல்லிய துணியை டேப்பின் மேல் லேசாகப் பிடித்து, பென்சிலைச் சொருகிக் கையாலேயே சுற்றுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு தடவை. அவசரப்பட்டால் மடங்கிவிடும். அப்புறம் பிளேயரின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைத்துவிட்டு ஒரே ஓட்டில் கம்ப்யூட்டருக்கு ஏற்றுங்கள்.

பிளேயர் பெல்ட் தளர்ந்திருந்தால் சுருதி இறங்கும். ‘ஜாய்’ 18 நிமிடம் 12 வினாடி. உங்களுடையது 19ஐத் தொட்டால் அந்தக் கணக்குக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். கடைசியில் வரும் குடமும் ஏறக்குறையச் சரியான சுருதிக்கு வந்துவிடும்.

கொன்னக்கோல்:
கிட்டார் வீணை மாதிரி குழைகிறதே என்று யாராவது கேட்பதற்கு முன்: அந்தக் குழுவுக்காக மெக்லாஃப்லின் செய்வித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு (ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகளுக்கு) நடுவே மரத்தைக் குழியாகச் செதுக்கியிருப்பார்கள். தந்தியை ரொம்ப தூரம் இழுக்கலாம், கமகம் (சுரத்தை அசைத்துக் குழைப்பது) வரும். அடியில் சாய்வாக இன்னும் ஏழு தந்திகள் உண்டு. கடைசிக் குடத்தில் ‘தொம்’ ஆழமாக விழுகிறதா? கடம் வாசிப்பவர் கடத்தின் வாயைத் தன் வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்த ஆழத்தைக் கொண்டுவருவார். விழாவிட்டால் தரையில் வைத்துத் தட்டிய சாதாரணப் பானை.

தறிச்சத்தம்:
எல்லோருக்கும் நன்றிங்க. துடைத்து ஏற்றிவிட்டேன். ஜாய் 19 நிமிடத்துக்கு மேலேயே போயிற்று, சரிசெய்தேன். குடத்தில் ஆழம் இல்லை.

நேற்று அத்தையிடம் ‘சக்தி’ என்று சொன்னதும் அவருக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மாரியம்மன் நோன்பிக்கு ரேடியோ செட்டில் போட, கோயமுத்தூரில் ஒரு ரெக்கார்டிங் கடையில் சத்தி பாட்டுப் பதியக் கொடுத்திருக்கிறார் மாமா. “ஆத்தா பாட்டுக் கேட்டா எவனோ நரம்பப் புடிச்சு இழுக்கறான்னு தாம்தூம்னு குதிச்சாரு. திருப்பிக் குடுக்கறேன்னாரு. அடுத்த வாரம் கேட்டா, சித்த இருக்கட்டும்னாரு.” முப்பது வருசம் இருந்திருக்கிறது.

அந்த ஏழு நிமிடத்தையும் அத்தைக்குப் போட்டுக் காட்டினேன். பின்னால் எங்கள் தெருத் தறிகள் சன்னமாக ஓடுவது கேட்கிறது. கடைசியில் சடாரென்று ஓடு உடையும் சத்தம், அதோடு டேப் நிற்கிறது. அத்தை எழுந்து சமையலறையைப் பார்த்தார். உப்புப் பானையை நாய் தட்டிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னாராம் மாமா.

“அட நாயே” என்றார் அத்தை. எந்த நாயை என்று நான் கேட்கவில்லை.