பழைய பட்டும் பனியன் துண்டும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட் பிளந்துவிட்டது, என்ன செய்யலாம்?

ஊசிநூல்:
பழைய பட்டுப்புடவை, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் இரண்டையும் ஒட்டுப்போட்டு ஜாக்கெட் (ரவிக்கை இல்லை, கோட் மாதிரி மேலே போடுவது) தைக்கிறேன். புதுத்துணி ஒரு முழம்கூட வாங்குவதில்லை என்று ஒரு வைராக்கியம். முதல் நாலு நன்றாகத்தான் போனது. ஐந்தாவதை வாங்கியவர் ஒரே மாதத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். முதுகுப் பட்டு பழைய மடிப்பு இருந்த இடத்தில் பிளேடால் கோடு போட்டதுபோல் விட்டிருக்கிறது, கீழே பனியன் துண்டு சுருங்கி, ஓரம் பொரித்த அப்பளம் மாதிரி நெளிகிறது. பாட்டி நாலைந்து தடவைதான் கட்டிய புடவை, மற்ற நாளெல்லாம் பீரோவில்தான். தப்பு தையலிலா, துணியிலா?

தறிவீடு:
பீரோவில் கிடந்ததுதான் வினையே அக்கா. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே நொறுங்கும், ஜரிகை ஓடும் இடத்தில் இன்னும் சீக்கிரம். அதனால்தான் வீட்டுப் பெரியவர்கள் அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைப்பார்கள். வெட்டுவதற்கு முன் மடிப்பின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். சர்ரென்று மெல்லிய சத்தம் வந்தால் அந்தத் துண்டு முதுகுக்கும் அக்குளுக்கும் ஆகாது, காலர், பாக்கெட் மூடி என்று இழுபடாத இடத்துக்கு ஒதுக்குங்கள். மீதிக்கு அடியில் பழைய மல் துணி வைத்துத் தையுங்கள், இழுப்பை அது தாங்கிக்கொள்ளும். பட்டு மேலே சும்மா அழகுக்கு உட்கார்ந்திருக்கட்டும்.

நொய்யல்கரை:
பனியன் பக்கம் நான் சொல்கிறேன். பனியன் துணி லூப்பாகப் பின்னியது, பட்டு பாவும் ஊடையுமாக நெய்தது, இரண்டும் ஒரே மாதிரி இழுபடாது, ஒரே மாதிரி சுருங்கவும் சுருங்காது. மூட்டையைப் பிரித்ததும் எல்லாவற்றையும் ஒரு தடவை வெந்நீரில் அலசி நிழலில் காயப்போட்டு, அப்புறம்தான் கத்திரிக்கோலைத் தொட வேண்டும். ஈரத்தோடு வெள்ளைத்துணியில் வைத்து அயர்ன் பண்ணினால் சாயம் ஒட்டுகிறதா என்றும் தெரிந்துவிடும். ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) வாரியாகவும் பிரியுங்கள், 140-ஐயும் 240-ஐயும் பக்கத்தில் வைத்தால் கனமானது மெல்லியதை இழுக்கும். முனை உருண்டையான பால்பாயின்ட் ஊசி போடுகிறீர்களா? சாதா ஊசி லூப்பை அறுத்து ஓட்டை விழும்.

இன்னொன்று, இந்தத் துண்டு எல்லாம் குப்பைக்குப் போகிறது என்று வாங்குபவர்களிடம் சொல்லாதீர்கள். வேஸ்ட் வியாபாரிகள் கலர் வாரியாகப் பிரித்து மில்லுக்குக் கொடுக்கிறார்கள், அங்கே பிய்த்துத் திரும்ப நூலாக்குகிறார்கள், கலர் ஏற்கெனவே இருப்பதால் பல சமயம் சாயமே தேவைப்படாது. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால் 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன காலத்தில் இங்கே இருந்தவன் நான், சாயம் மிச்சமாவது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

கந்தல்பொட்டி:
கர்நாடகத்தின் உத்தர கன்னடாவில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுப்போர்வையைப் பார்த்திருக்கிறீர்களா? பழைய துணிதான், மூலையில் ஆரம்பித்து ஓரத்தோடு சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே வருவார்கள். ஒவ்வொரு துண்டும் அடித்துணியோடு சேர்ந்துவிடும், அதனால் ஒன்று நைந்தாலும் அதன் மேலேயே இன்னொன்றை வைத்துத் தைத்துவிடலாம். உங்கள் ஜாக்கெட்டையும் பிரிக்க வேண்டாம், பிளந்த கோட்டின் மேல் ஒரு துண்டு வைத்துக் கையாலேயே தைத்துக் கொடுங்கள்.

ஊசிநூல்:
ஊசி சாதா ஊசிதான், மாட்டிக்கொண்டேன். மடிப்பை இப்போதுதான் இழுத்துப் பார்த்தேன், மூன்று புடவையில் இரண்டு சத்தம் போடுகிறது. அதெல்லாம் இனி காலருக்கு. முதுகுக்கு மல் வேட்டி ஒன்று கிடக்கிறது, நாளைக்கு அலசிப் போடுகிறேன்.