தொலைக்காட்சி எழுத்தாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ் முதல் படத்திலேயே இயக்குநராகத் தேறியது எப்படி?

கொட்டகைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ‘டெர்ம்ஸ் ஆஃப் எண்டியர்மெண்ட்’ (1983) படத்தை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். தாய்க்கும் மகளுக்கும் இடையிலான முப்பது ஆண்டுக் கதையை இவ்வளவு பதறாமல் சொன்னவர் பழுத்த இயக்குநராகத்தான் இருப்பார் என்று நினைத்துத் தேடினால், அது ஜேம்ஸ் எல். புரூக்ஸ் இயக்கிய முதல் படம் என்றும், அதற்கு முன்பு அவர் பெரும்பாலும் தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர் என்றும் தெரிந்தது. 11 ஆஸ்கர் பரிந்துரைகளில் 5 விருதுகளைப் பெற்ற அந்தப் படத்துக்காகத் தயாரிப்பு, இயக்கம், தழுவல் திரைக்கதை என்று மூன்று விருதுகளை அவர் ஒருவரே வாங்கியிருக்கிறார்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. தொலைக்காட்சியில் கற்றதுதான் அவரை இப்படிப் படமெடுக்க வைத்ததா, அல்லது அதை மறந்துவிட்டு வந்ததால்தான் முடிந்ததா? அடுத்து, இப்படித் தொடங்கியவர் 1983 முதல் 2025 வரையில் ஏழே படங்களை இயக்கியிருப்பது ஏன்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வசனப்பிரதி:

நல்ல கேள்வி, நண்பரே. நீண்ட பதிலாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புரூக்ஸ் நியூயார்க்கில் சிபிஎஸ் என்ற தொலைக்காட்சி நிறுவனத்தில் வாயிலில் ஆட்களை வழிநடத்தும் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, செய்திப் பிரிவில் எழுதும் வேலைக்கு உயர்ந்தவர். 1965இல் லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். 1969இல் ‘ரூம் 222’ என்ற பள்ளிக்கூடத் தொடரை உருவாக்கினார். மறு ஆண்டே ஆலன் பர்ன்ஸுடன் சேர்ந்து ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வைத் தொடங்கினார். அதன் நாயகியை மணவிலக்குப் பெற்றவளாகக் காட்ட வேண்டும் என்று இருவரும் விரும்பியதை நிறுவனம் ஏற்காததால், நிச்சயித்த உறவை முறித்துக்கொண்டு வந்தவளாக மாற்றினார்கள். ஏழு ஆண்டுகள் ஓடிய அந்தத் தொடர் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகளில் 29ஐ வென்றது.

நீங்கள் கேட்டதற்கு விடை அந்தத் தொடரை எடுத்த முறையிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். வாரம் முழுவதும் ஒத்திகை நடக்கும். வெள்ளிக்கிழமை இரவு அரங்கில் உட்கார்ந்திருக்கும் மக்கள் முன்னிலையில் பல கேமராக்களை வைத்து நாடகம்போல நடித்துப் படமாக்குவார்கள். எழுதிய வரிக்குச் சிரிப்பு வந்ததா, எதிர்பாராத இடத்தில் அரங்கம் அமைதியானதா என்பதை எழுதியவர் அங்கேயே நின்று கேட்கலாம். இப்படி ஏழு ஆண்டுகள் கேட்ட காது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் ஒரு வரியைச் சொல்லும்போதே அது எங்கே போய் விழும் என்று கணிக்கப் பழகிவிடும்.

அந்தத் தொடரில் 1975இல் ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தைப் பாருங்கள். டேவிட் லாயிட் எழுதியது. ஒரு கோமாளி நடிகர் விபரீதமான முறையில் இறந்துபோகிறார். அலுவலகத்தில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிக்க, நாயகி மேரி மட்டும் கடிந்துகொள்கிறாள். ஆனால் இறுதிச் சடங்கில் மற்றவர்கள் அடங்கி உட்கார்ந்திருக்க, அவளுக்குத்தான் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வருகிறது. சடங்கை நடத்தும் பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, தாராளமாகச் சிரியுங்கள், இறந்தவருக்கு அதுதான் பிடிக்கும் என்கிறார். அந்தக் கணத்தில் அவள் உடைந்து அழுகிறாள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு, ‘டெர்ம்ஸ்’ படத்தின் மருத்துவமனைக் காட்சிக்கு வாருங்கள். மகளுக்கு வலி தாங்கவில்லை. ஊசி போட வேண்டிய பத்து மணி கடந்துவிட்டது. தாயாக நடிக்கும் ஷர்லி மெக்லெய்ன் செவிலியர் மேசையைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தித் தீர்க்கிறார். ஊசி போட ஒருவர் கிளம்பியதும் தலைமுடியைச் சரிசெய்வதுபோலத் தன்னைத் தேற்றிக்கொண்டு, மிக மரியாதையாக நன்றி சொல்கிறார். அந்த ஒரு நன்றியில் தொண்டை அடைக்கும்போதே உதட்டில் சிரிப்பும் வருகிறது. அழுகையையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் வைக்கும் இந்தத் துணிவு வெள்ளிக்கிழமை இரவுகளில் பழகியது என்றே நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜாக் நிக்கல்சன் நடித்த விண்வெளி வீரர் லாரி மெக்மர்ட்ரியின் மூல நாவலில் கிடையாது. புரூக்ஸ் புதிதாகச் சேர்த்த பாத்திரம். நாயகியின் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில், அவளுக்கு ஒத்தே வராத ஒருவரைக் குடிவைப்பது தொடர் எழுதுபவரின் கை செய்யும் வேலை. அந்தப் பாத்திரம் நிக்கல்சனுக்குத் துணை நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றுத் தந்தது.

செய்தியறை:

வசனப்பிரதி சொல்வதைப் பெரும்பாலும் ஏற்கிறேன். ஆனால் அரங்கச் சிரிப்புக்கு அவர் இவ்வளவு இடம் கொடுத்திருக்க வேண்டாம். நான் பல ஆண்டுகள் ஒரு தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், புரூக்ஸின் இயக்கத்துக்கு ஆணிவேர் சிபிஎஸ் செய்தி அறை. அதற்குச் சான்று ‘பிராட்காஸ்ட் நியூஸ்’ (1987).

அந்தப் படத்தில் வில்லியம் ஹர்ட் நடிக்கும் செய்தியாளர் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணைப் பேட்டி காணும்போது தானும் கண் கலங்குவது ஒளிபரப்பாகிறது. ஊரே நெகிழ்கிறது. பிறகு சக செய்தியாளர் ஒருவர் தயாரிப்பாளராக நடிக்கும் ஹாலி ஹண்டரிடம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறார்: அன்று அங்கே இருந்தது ஒற்றைக் கேமரா. கேமரா ஒன்றுதான் என்றால், அந்தப் பெண் பேசும்போது செய்தியாளரின் முகம் பதிவாகியிருக்க வழியில்லை. பேட்டி முடிந்த பிறகு கேமராவைத் திருப்பி, கண்ணீரைத் தனியாக வரவழைத்து எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். அவள் மூல நாடாவைப் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்கிறாள். அந்தச் செய்தியாளருக்கும் அவளுக்கும் இடையிலான காதல் அங்கேயே முறிந்துபோகிறது.

அந்தக் காட்சியை முதன்முறை பார்த்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. பேட்டி முடிந்த பிறகு செய்தியாளர் தலையசைப்பதைத் தனியாக எடுத்து இடையில் செருகுவது எங்கள் அன்றாட வேலை. நாங்கள் அதைத் தவறென்று ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வேலைக்கும் பொய்க்கும் நடுவில் உள்ள கோட்டை ஒரு காதல் கதையின் முடிச்சாக ஆக்குவதற்கு, செய்தி எப்படித் தயாராகிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்திருக்க வேண்டும். ஹாலி ஹண்டரின் பாத்திரத்துக்கு சிபிஎஸ் தயாரிப்பாளர் சூசன் ஜிரின்ஸ்கி முன்மாதிரியாக இருந்தார்; படத்தின் உருவாக்கத்திலும் அவர் பங்கேற்றார். ஏழு பரிந்துரைகள் பெற்றும் அந்தப் படத்துக்கு ஓர் ஆஸ்கர்கூடக் கிடைக்காதது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

மேசைவிளக்கு:

இருவரும் வெற்றிகளை மட்டும் பேசியிருக்கிறீர்கள். கேட்டவரின் இரண்டாவது ஐயத்துக்குத் தோல்விகளைப் பார்க்காமல் விடை கிடைக்காது.

முதலில் எளிய காரணம்: புரூக்ஸ் தொலைக்காட்சியை விட்டு வரவே இல்லை. 1986இல் கிரேசி ஃபிலிம்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். ‘டெர்ம்ஸ்’ படத்தின் கலை வடிவமைப்பாளரான பாலி பிளாட் அவருக்கு மாட் குரோனிங் வரைந்த கார்ட்டூன் ஒன்றைப் பரிசளித்தார். அந்த அறிமுகம் 1989இல் ‘தி சிம்ப்சன்ஸ்’ என்ற கார்ட்டூன் தொடரில் போய் முடிந்தது. கூடவே மற்ற இயக்குநர்களின் படங்களையும் தயாரித்தார். வெஸ் ஆண்டர்சனின் முதல் முழுநீளப் படத்துக்குப் பின்னால் நின்றவர் இவர்தான்.

இனி 1994. ‘ஐல் டூ எனிதிங்’ பாடல்கள் நிறைந்த படமாக எழுதப்பட்டு, பாப் பாடகர் பிரின்ஸ் இசையமைத்த பாடல்களுடன் படமாக்கப்பட்டது. முன்னோட்டக் காட்சிகளில் மக்கள் பாடல்களை ஏற்கவில்லை. புரூக்ஸ் பாடல்களை ஏறக்குறைய முழுவதுமாக வெட்டி, புதிய காட்சிகளை எடுத்துச் சேர்த்து, வேறு படமாக வெளியிட்டார். அதுவும் ஓடவில்லை. வசனப்பிரதி புகழ்ந்த அதே காது இங்கே அவரைக் கவிழ்த்துவிட்டது என்பது என் வாசிப்பு. தொடரில் இந்த வாரம் சிரிப்பு வராவிட்டால் அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம்; பாட்டுக்காகவே கட்டிய படத்திலிருந்து பாட்டை உருவிவிட்டால், தூணை எடுத்த மண்டபம் போலாகிவிடும். அரங்கத்தின் எதிர்வினைக்குச் செவிசாய்ப்பதை உயிர்மூச்சாகக் கொண்ட ஒருவருக்கு, அன்று அதை மறுக்கும் மனவலிமை வரவில்லை.

அடுத்து வந்த ‘ஆஸ் குட் ஆஸ் இட் கெட்ஸ்’ (1997) மார்க் ஆண்ட்ரஸ் முதலில் எழுதிய திரைக்கதையை புரூக்ஸ் திருத்தி எழுதியது. நிக்கல்சனும் ஹெலன் ஹண்ட்டும் சிறந்த நடிகர், நடிகைக்கான ஆஸ்கர்களை வென்றார்கள். 2004இல் வந்த படத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. 2010இல் ஏறத்தாழ 12 கோடி டாலர் செலவில் எடுத்த ‘ஹவ் டூ யூ நோ’ உலகெங்கும் சேர்த்து 5 கோடியைக்கூட எட்டவில்லை. நாலு பேர் அறைக்குள் பேசும் கதைக்கு அவ்வளவு செலவு என்பதே முதல் பிழை. அதன்பின் அடுத்த படம் வரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

கொட்டகைவாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்தியறை ஐயா சொன்ன ஒற்றைக் கேமரா விவரத்தை நான் படம் பார்த்தபோது தவறவிட்டிருக்கிறேன். காதல் ஏன் முறிகிறது என்று குழம்பியதற்குக் காரணம் இப்போது புரிகிறது. மேசைவிளக்கு சொன்னதை ஒட்டி ஒன்று கேட்கிறேன்: ‘டெர்ம்ஸ்’ படத்தில் இந்தக் காதும் எழுத்தும் சேர்ந்து வேலை செய்வதை மருத்துவமனைக் காட்சியைத் தவிர வேறு எங்கே பார்க்கலாம்?

வசனப்பிரதி:

மேசைவிளக்கு சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் படத்தின் முதல் நிமிடங்களே போதும். குழந்தை தூங்கிக்கொண்டிருக்கிறது. மூச்சு நின்றுவிட்டதோ என்று தாய்க்குப் பயம். தூங்குகிறாள், விடு என்று கணவரின் குரல் மட்டும் கேட்கிறது. அவள் விடவில்லை, தொட்டிலின் கம்பிகளைத் தாண்டி உள்ளேயே இறங்கப் பார்க்கிறாள், கடைசியில் குழந்தையைக் கிள்ளுகிறாள். குழந்தை வீறிட்டு அழுததும் முகம் தெளிந்து, நிம்மதியாக அறையை விட்டுப் போகிறாள். குழந்தை இருட்டில் தனியாக அழுதுகொண்டிருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது, முதலில் ஒலியை அடைத்துவிட்டு அந்தக் காட்சியை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள்.